16 வயசு ஆட்டிசம் பையனுக்கு தெரபி, ஸ்கூல், கார்டுன்னு எல்லாத்தையும் யாரு ஒருங்கிணைக்கிறது?

நடைமுறையில பெரும்பாலும் அம்மாதாங்க, எங்க வீட்லயும் தம்பிக்கு அப்படித்தான். முதல்ல யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) எடுத்துடுங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல வழி சொல்வாங்க, பாதி கதவு அதுலதான் திறக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல உள்ள 21 வகை குறைபாட்டுல ஆட்டிசம் இருக்கு, ஆனா வெறும் ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதிக துறுதுறுப்பு) மட்டும்னா அந்த லிஸ்ட்ல பேரே இல்ல, அது பெரிய கொடுமை. அப்புறம் நிராமயான்னு மத்திய அரசோட ஹெல்த் இன்சூரன்ஸ், வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் வரம்புக்குள்ள வாங்கலாம். தமிழக அரசோட விழுதுகள் மையம் பக்கத்துல இருந்தா பிசியோ, ஸ்பீச் எல்லாம் ஒரே கூரைக்குள்ள கிடைக்கும், அலைச்சல் மிச்சம்.

ஆனா நிஜமான தலைவலி என்னன்னா ஒவ்வொரு இடத்துலயும் கதைய முதல்லேருந்து சொல்லணும். அம்மா ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டாங்க, "குக்கர் விசில் அடிச்சா காதைப் பொத்திட்டு கட்டிலுக்கு அடியில போயிடுவான், அதட்டாதீங்க, ரெண்டு நிமிஷம் விடுங்க" இந்த மாதிரி. தெரபிஸ்ட், ஸ்பெஷல் டீச்சர், வேன் ஓட்டுற அண்ணன் வரைக்கும் அதப் படிச்சாங்க, ஆளுக்கு ரெண்டு வரி எழுதியும் குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்க ஆரம்பிச்சாங்க.

18 முடிஞ்சதும் தேவைப்பட்டா சட்டபூர்வ கார்டியன் ஆர்டருக்கு கலெக்டர் தலைமையில இருக்கற உள்ளூர் கமிட்டியில மனு போடணும், அதுக்கான பேப்பரை இப்பவே சேர்த்து வைங்க.