நின்று கெட்ட டில்லர்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். அப்பா தொண்ணூறுகளில் வாங்கிய காம்கோ பவர் டில்லர் ஆறு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. கடைசியாக ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. இப்போது ஹேண்டில் போட்டால் அசையவில்லை. ஒரு மெக்கானிக், கியரில் போட்டு டிராக்டரில் கட்டி இழுத்தால் விட்டுவிடும் என்கிறார். இன்னொருவர் இன்ஜினை இறக்கி லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றச் சொல்கிறார். பழைய இரும்புக்காரரும் விலை கேட்டுவிட்டுப் போனார். தென்னைக்கு நடுவே உழவும், கொஞ்சம் நெல்லுக்குச் சேறு அடிக்கவும் எனக்கு இது போதும். சரிசெய்ய முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

இரும்புக்குப் போட வேண்டாம். டிராக்டரில் கட்டி இழுக்கவும் வேண்டாம். இன்ஜினை முழுதாகப் பிரிப்பதா என்பதை இரண்டு வாரம் கழித்து முடிவு செய்யலாம்.

ஓடிக் கெட்ட வண்டி வேறு, நின்று கெட்ட வண்டி வேறு. ஓடிக் கெட்டதில் லைனர் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) தேய்ந்திருக்கும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தளர்ந்திருக்கும், பேரிங் ஆடும். அதற்குப் புதுச் சாமான்தான் மருந்து. நின்று கெட்டதில் தேய்மானம் குறைவு. துருவும், தண்ணீரும், பிசினாகிப்போன டீசலும்தான் கோளாறு. உங்கள் டில்லர் நல்ல ஓட்டத்தில் நிறுத்தப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரி வண்டிகளைப் பெரும்பாலும் ஆறு வருட ஓய்வு கெடுப்பதில்லை. மறுபடி கிளப்ப அவசரப்படும் முதல் நாள்தான் கெடுக்கிறது. ரிங் லைனரோடு துருவில் ஒட்டியிருக்கும்போது டிராக்டர் இழுத்தால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும், கியர்பாக்ஸில் பல்லும் போகலாம்.

காம்கோ, அதாவது அத்தாணியில் உள்ள கேரள அரசின் நிறுவனம், 1973இல் தொடங்கியது. குபோட்டாவின் தொழில்நுட்பத்தில் அவர்கள் செய்த 12 குதிரைத்திறன் டில்லரின் அமைப்பு பல ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதனால் பழைய வண்டியாக இருந்தாலும் பாலக்காட்டில் சாமான் கிடைக்கும். வாங்கும் முன் இன்ஜின் எண், மாடல் எண் பொறித்த தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வாய்வழியாகச் சொல்லி வாங்கிய ஆயில் சீலும் கேஸ்கெட்டும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வந்து சேரும்.

முதல் வேலை சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. ஒரு நாள் அசைக்காமல் விட்டு, அடியிலுள்ள டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால், இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வந்தால் வழிகள் மூன்று: லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையம் போயிருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது சைலன்சர் வாய் வழியே மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் இருந்து, ஓடு ஒழுகும் இடத்தில் வண்டி நின்றிருந்தால் மூன்றாவதைச் சந்தேகப்படுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் அந்தத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் போயிருக்கும்.

அடுத்தது ஒட்டிய பிஸ்டனை விடுவிப்பது. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றுங்கள். சுற்றிலும் முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். அடியிலிருக்கும் செம்பு வாஷரைத் திரும்பப் போடக் கூடாது, புதிதாக வாங்குங்கள். நாசில் துளை வழியே பாதி டீசல், பாதி இன்ஜின் ஆயில் கலந்து 50 மில்லி ஊற்றுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: இந்த இன்ஜினில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கிறது. ஊற்றிய எண்ணெய் லைனரின் கீழ்ப்பாதியில் தேங்கி நிற்கும். மேல்பக்கத்து ரிங் வறண்டே இருக்கும். சிலிண்டர் ஹெட் முன்னால் இருப்பதால், முன்பக்கத்துக்கு நல்ல கட்டை கொடுத்து, சக்கரத்துக்கும் அண்டை வைத்து, வண்டியை முடிந்தவரை சாய்த்து நிறுத்துங்கள். அப்போது எண்ணெய் பிஸ்டன் முகத்தில் நின்று நாலு பக்கமும் ஊறும். தினம் கொஞ்சம் ஊற்றி, நாலைந்து நாள் விடுங்கள்.

பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி, ஃப்ளைவீலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு விரல்கடை அசைந்தாலும் போதும், அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விடுங்கள். ஹேண்டிலில் பைப் மாட்டி நெம்பக் கூடாது, சுத்தியலும் கூடாது. இரண்டு வாரம் ஆகியும் மயிரிழைகூட அசையாவிட்டால்தான் ஹெட்டைக் கழற்ற வேண்டும். முழுச் சுற்று வந்ததும் நாசில் துளையை ஒரு துணியால் மூடி, சுற்றிச் சுற்றி உள்ளிருக்கும் எண்ணெயை வெளியேற்றுங்கள். முகத்தை அங்கே நீட்ட வேண்டாம். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. எண்ணெய் உள்ளே இருக்கும்போது நாசிலை மாட்டிக் கிளப்பினால் ராடு வளைந்துவிடும்.

இனி டீசல் பக்கம். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து இங்கேதான். பழைய டீசல் பம்புக்குள் பிசினாக உறைந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை ஒரே நிலையில் பிடித்துவைத்திருக்கும். முழு டீசல் நிலையில் பிடித்திருந்தால், இன்ஜின் கிளம்பியதும் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் கேட்காது. கடைசியில் ஃப்ளைவீலோ ராடோ தெறிக்கும். ஆகவே பம்பைக் கழற்றி, ரேக் விரல்நுனித் தள்ளலில் தடங்கலின்றி நகர்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் கோவையிலோ பொள்ளாச்சியிலோ பம்பு, நாசில் சரிபார்க்கும் பட்டறைக்கே கொண்டுபோங்கள். பம்புக்குள் இருக்கும் பிளஞ்சரும் (தண்டு) பேரலும் (அது ஓடும் குழாய்) ஜோடியாக இழைத்துப் பொருத்தியவை. வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இரண்டும் போச்சு. நாசிலையும் அங்கேயே கொடுத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நாசிலை வெளியே வைத்துப் பீச்சிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் பீச்சல் கையில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய காயம் அது.

டேங்க்கைக் காலி செய்து கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். காற்று வெளியேற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, அப்புறம் பம்பு ஸ்க்ரூ, கடைசியில் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட். ஒவ்வொன்றிலும் குமிழி இல்லாமல் டீசல் வந்தபின் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஏர் கிளீனர் ஆயில் வகையாக இருந்தால் பழைய சகதியைச் சுரண்டி, புது ஆயிலைக் கோட்டளவுக்கு மட்டும் விடுங்கள். கூடினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து ரேஸ் ஆகும். முதல் முறை கிளப்பும்போது காற்று வாயை அடைக்க ஒரு தட்டையான பலகை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வெறுங்கையால் அடைக்க முயலக் கூடாது.

கிழக்குப் பாலக்காட்டு போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். ரேடியேட்டரிலும் லைனரைச் சுற்றியும் சுண்ணாம்பாகப் படிந்திருக்கும். லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து இறக்குங்கள். நிறம் மாறி வருவது நிற்கும்வரை திரும்பச் செய்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அதன்பின் கூலன்ட், இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்.

இப்போது கம்ப்ரஷன் பாருங்கள். டீகம்ப்ரஷனை விட்டுவிட்டு ஹேண்டிலை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் திமிறித் திரும்பத் தள்ள வேண்டும். தள்ளினால் லைனர் செட் வாங்கச் சொன்ன யோசனையை மறந்துவிடலாம். தளர்வாக இருந்தால் முதலில் வால்வு இடைவெளியைப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வையுங்கள், வால்வில் துரு இருந்தால் கிரைண்டிங் செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால்தான் ரிங். இந்த அளவு சிலிண்டரில் புது ரிங்கின் வாய் இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். எதிரடி அடித்தால் கட்டைவிரல் தப்பும்.

இன்ஜின் ஓடிவிட்டால் மற்றவை எளிது. கிளட்ச் பிளேட்டுகள் துருவில் ஒட்டியிருந்தால் லிவரைத் தள்ளினாலும் கியர் விழாது. பிரித்து உப்புத்தாளில் தேயுங்கள். எண்ணெய் படக் கூடாது. வி-பெல்ட்டுகளை ஒரே கம்பெனியில் மொத்த செட்டாக மாற்றுங்கள். ஒன்று புதிதும் மற்றவை பழசுமாக இருந்தால் புதிதே முழுப் பாரத்தையும் இழுத்து அறுந்துவிடும். ரோட்டரி ஷாஃப்ட்டின் ஓரத்தில் சுற்றிக்கிடக்கும் வைக்கோல், கம்பி, தென்னை நார் எல்லாவற்றையும் அறுத்தெடுங்கள். அவைதான் ஆயில் சீலைக் கிழித்துச் சேற்றை உள்ளே விடுபவை. கத்திகளில் இடது, வலது உண்டு. கழற்றும் முன் படம் எடுத்து, அதே வரிசையில் மாட்டுங்கள், மாறினால் மண் ஒரு பக்கம் குவியும். பெயின்ட் கடைசியில்தான். எண் தகட்டின்மேலும் ரேடியேட்டர் இதழ்களிலும் படாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

முதல் பத்து மணி நேரம் காய்ந்த மண்ணில், ஆழம் குறைத்து ஓட்டி, ஆயிலை மாற்றுங்கள். அப்பா ஓட்டி நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் சொல்ல வேண்டும்: இறக்கத்தில் டில்லரின் திருப்பம் தலைகீழ். சமதளத்தில் இடது கிளட்ச்சை (இடச் சக்கரத்தை விடுவிக்கும் பிடி) பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பிடித்தால் அந்தச் சக்கரம் தடையின்றி உருள, வண்டி வலப்பக்கம் போகும். வரப்பு இறங்கும்போது கிளட்ச்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள்.

நாளைக்குச் சம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, டம்ளரில் முதலில் விழுந்தது தண்ணீரா ஆயிலா என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு லைனர் ரப்பரைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்புடன்.