எம்பிரஸ் பள்ளத்தாக்குக்கு 50 மீட்டர் கயிறு போதாது

சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸில் உள்ள எம்பிரஸ் ஓடைப் பள்ளத்தாக்கில் இறங்க, நண்பரின் 50 மீட்டர் பாறையேற்றக் கயிறு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கடைசி அருவி ஏறக்குறைய 30 மீட்டர். பிறகு கீழிருந்து உருவி எடுப்பதற்காகக் கயிற்றை இரட்டையாகப் போட்டால் கையில் இருப்பது 25 மீட்டர்தான். மீதியைப் பற்றி அந்தரத்தில் தொங்கியபடி யோசிக்க வேண்டியிருக்கும். 60 மீட்டருக்கு மேல் வேண்டும், அதுவும் அதிகம் இழுபடாத ஸ்டாட்டிக் கயிறு.

நுனியில் முடிச்சுப் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நுனியைத் தாண்டி நழுவி விழாமல் அது தடுக்கும்; வறண்ட பாறையில் நல்ல பழக்கம். இங்கே கீழே இருப்பது குளம். நீந்தியபடியே கயிற்றிலிருந்து கழல வேண்டும், முடிச்சு தடுத்துவிடும். நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்குக் கயிற்றை விட்டால் போதும். கை விட்டுப்போனால் கயிற்றில் இறுகி நிறுத்தும் பிரூசிக் என்ற பாதுகாப்புச் சுருக்கையும் நான் விரும்புவதில்லை. அருவிக்கு நடுவில் அது இறுகிக்கொண்டால் தண்ணீர் முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். அனுபவமுள்ளவர் முதலில் இறங்கட்டும். மற்றவர்கள் தடுமாறினால் அவர் கீழிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்து நிறுத்திவிடலாம்.

கோடையிலும் வெட்சூட் (குளிர்ந்த நீரில் உடல் சூட்டைக் காக்கும் உடை) அவசியம். மழை வரும் என்றால் போகவே வேண்டாம். குழுவில் எல்லோருமே புதியவர்கள் என்றால் வழிகாட்டியுடன் போங்கள்; கயிறு வாங்கும் செலவாவது மிச்சம்.