கூழா, ஆஸ்பத்திரியா, குழாயா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆயா சிறுமியாக இருந்தபோது வேலூரில் வாந்திபேதி (காலரா) வந்தால் தெருவே காலியாகிவிடுமாம். கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றிய பிறகுதான் அது ஊரை விட்டுப் போனது என்பார். அப்பாவோ, எல்லாம் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வந்ததால்தான் என்கிறார். யார் சொல்வது சரி? இப்போது எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். இந்தப் பள்ளம் எல்லாம் இனி நமக்கு எதற்கு என்றும் தோன்றுகிறது.

ர., சத்துவாச்சாரி

அன்புள்ள ர.,

ஆயாவிடம் நான் வாதாடப் போவதில்லை. கூழ் கொதித்து இறங்கிய உணவு. மோரும் வெங்காயமும் கலக்கிற வரைக்கும் அதில் காலரா கிருமி உயிரோடு இருக்காது. அந்த அளவுக்கு அம்மனுக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்பாவோடுதான் எனக்குக் கொஞ்சம் வழக்கு. சி.எம்.சி.யை நிறுவிய, ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கியதும், 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்ததும் வேலூரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வேலூர் நகராட்சி 1866இலேயே வந்துவிட்டது. கதையாகச் சொல்ல அதற்குத்தான் ஆள் இல்லை. குழாய் போட்டவர், கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டியவர், விடியுமுன் எடுப்புக் கக்கூஸ் வாளியைத் தலையில் சுமந்தவர், இவர்களில் ஒருவருக்காவது இந்த ஊரில் சிலை இருக்கிறதா? மலம் அள்ளும் வேலையைத் தடை செய்து 1993இலும் 2013இலும் இரண்டு முறை சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், எங்கள் தலைமுறைவரை ஊர் யார் தோளில் சுத்தமாக இருந்தது என்பது விளங்கும்.

வாந்திபேதி வந்தவரை ஆஸ்பத்திரி பிழைக்க வைக்கும். உடம்பு இழந்த நீரையும் உப்பையும் சலைன் வழியாக, பின்னாளில் உப்பு சர்க்கரைக் கரைசலாக, திருப்பிக் கொடுத்தால் சாவு பெருமளவு நின்றுவிடும். அடுத்த வீட்டுக்காரருக்கு நோய் வருவதை அது தடுக்காது. இதற்கு வேலூரே சாட்சி. 1992 கடைசியில் சென்னையிலும் வேலூரிலும் ஒரு காலரா பரவியது. பார்வைக்கு அதே வாந்திபேதிதான், ஆனால் அதுவரை கொள்ளைநோய்க்குக் காரணமாகத் தெரிந்திருந்த ஓ1 வகைக்கான சோதனையில் கிருமி சிக்கவில்லை. அதைக் கவனித்த ஆய்வகங்களில் சி.எம்.சி.யும் ஒன்று. பின்னர் ஓ139 என்று பெயர் பெற்ற அது வங்கம்வரை போய் ஆட்டிப் படைத்தது. பழைய காலராவால் வந்த எதிர்ப்புச் சக்தி அதனிடம் செல்லவில்லை, பெரியவர்களும் படுத்தார்கள். புகழ்பெற்ற மருத்துவமனை தொண்ணூறு ஆண்டுகளாக நிற்கிற ஊர் இது!

என்னைக் கேட்டால், சி.எம்.சி. இந்த மாவட்டத்துக்குச் செய்த பெரிய உபகாரங்களில் ஒன்று வெறும் அஞ்சலட்டை. பேராசிரியர் டி. ஜேக்கப் ஜானும் அவருடன் இருந்தவர்களும் அன்று வேலூரை உள்ளடக்கிய வடஆற்காடு மாவட்டத்தில் ஒரு கண்காணிப்பு முறையை நடத்தினார்கள். அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, குறிப்பிட்ட சில நோய்களைப் பார்த்தால் தபால் செலவு முன்பே கட்டிய அட்டையில் எழுதிப் போட்டுவிடுவார். ஒரே பகுதியிலிருந்து அட்டைகள் குவிந்தால் அங்கே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். சுகாதாரத் துறை ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். அங்கே பெரும்பாலும் தண்ணீரில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் என்றால் நமக்குப் பாலாறு. மேலே வறண்ட மணல், அடியில் ஊற்று. அந்த மணலில் கிணறு இறக்கித்தான் ஊர் ஊராகக் குடித்தோம். அதே மணலில்தான் சாக்கடையையும் விட்டோம், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவையும் விட்டோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டிருப்பதாக ஒரு கணக்கு அதில் பதிவானது. குடிக்கும் இடத்திலேயே கழிக்கிற ஊருக்கு எத்தனை படுக்கை போட்டாலும் காணாது. பிறகு மேட்டூர் பக்கத்திலிருந்து காவிரியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இனி உங்கள் கேன். வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில், ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் கேன் தண்ணீரும் இன்னொரு பகுதிக் குழந்தைகளுக்கு வழக்கமான குழாய்த் தண்ணீரும் என்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தொற்றியது. குழந்தை குடிப்பது கேனாக இருந்தாலும் தவழ்வது தெருவை ஒட்டிய தரையில். பாத்திரம் கழுவுவது குழாய்த் தண்ணீரில். ரோட்டா வைரஸ் இன்னும் பிடிவாதம், சுத்தமான நாடுகளிலும் அது விடவில்லை. அதற்குத் தடுப்பூசிதான் வழி. இந்தியாவிலேயே உருவான அந்த மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று, மற்றவை டில்லியும் புனேயும்.

ஆகவே பள்ளம் தேவைதான். தோண்டும்போதே பார்க்க வேண்டியதும் உண்டு. நம் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கும். குழாயில் நேரே மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் அதை இன்னும் வேகப்படுத்துகிறார்கள். (உங்கள் தெருவில் யாரும் இல்லை என்று நம்புகிறேன்.) பாதாள சாக்கடைக் குழாய்க்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாய் போகிறதா, தோண்டியதில் அது உடைந்ததா, உடைந்ததைச் சரியாக இணைத்தார்களா என்று இப்போதே பாருங்கள், தார் போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் தெருக்கோடி வீட்டுக் குழாயில் குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது, கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.