பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

ஆம்பூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "ஆதி காலத்து கேலக்ஸியிலருந்து வெளிச்சம் எப்படி தப்பிச்சு வந்துச்சுன்னு படிக்கணுமாம் சார். இதுக்கெல்லாம் யாரு வேலை தருவாங்க?" என்று கண் கலங்கினார் அம்மா. சித்தப்பா இதற்குள் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டாராம். வீட்டை அடமானம் வைக்க வேண்டுமாம்.

ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அடமானம் என்றதும் நிறுத்திவிட்டேன். அம்மா, அந்த சீட் வேண்டாம்.

உங்கள் மகள் கேட்பது நல்ல கேள்வி. 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை ஹைட்ரஜன் வாயு விழுங்கிவிடும். இளம் விண்மீன் திரள்களிலோ (கேலக்ஸிகளிலோ) அந்த வாயு மண்டிக் கிடந்தது. ஆனாலும் பெருவெடிப்புக்குப் பின் சுமார் 100 கோடி ஆண்டுகளில் திரள்களுக்கு இடையே இருந்த ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிட்டது. அதைச் செய்ய இந்தப் புற ஊதா ஒளி வேண்டும். அப்படியென்றால் திரள்களிலிருந்து ஒளி எப்படியோ கசிந்திருக்கிறது. வெடித்த விண்மீன்கள் வாயுவில் போட்ட ஓட்டைகள் வழியாக வந்திருக்கலாம். அந்தக் கசிவை இன்று நேரே பார்க்க முடியாது, வழியில் அயனியாகாமல் மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் மறைத்துவிடும். அதனால் பிற்காலத்துத் திரள்களில் தேடுகிறார்கள். புனேயிலுள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூகாவின் கனக் சாகா குழு அப்படி ஒன்றை 2020இல் அறிவித்தது. ஒளி 930 கோடி ஆண்டு பயணம் செய்து வந்திருந்தது. பார்த்தது நம் நாட்டு விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோள் அஸ்ட்ரோசாட். 38 சென்டிமீட்டர் தொலைநோக்கிதான், 28 மணி நேரத்துக்கு மேல் உற்றுப் பார்த்தது.

சரி, வழி? பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது அல்லவா, அங்கே பி.எஸ்சி. பிசிக்ஸ். யாரும் திரும்பிப் பார்க்காத சீட். மூன்று வருடக் கட்டணமும் சேர்த்தால்கூட உங்கள் சித்தப்பா பேசிய தொகையின் ஓரத்துக்கு வராது. இரண்டாம் வருடத்திலேயே ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும்: 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி. அப்புறம் ஜெஸ்ட் (JEST) என்ற பிஎச்.டி. நுழைவுத் தேர்வு எழுதி பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்ற இடங்களில் பிஎச்.டி. 2023 முதல் ஜூனியர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதாவது படிக்கச் சம்பளம்.

ஒளிக்க மாட்டேன்: பிஎச்.டி. முடிக்க 28 வயதாகிவிடும், அதன் பிறகும் நிரந்தர வேலைக்குப் போட்டி கடுமை. ஆனால் இந்தத் துறையில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதாமல் ஒரு நாளும் ஓடாது. நடுவில் மனம் மாறினால் டேட்டா வேலைக்குப் போகலாம், கையில் கடனும் இருக்காது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். வேண்டுமானால் என்னிடம் போனைக் கொடுங்கள்.

ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். பொதுமக்களை விடும் நாளைக் கேட்டுக்கொண்டு மூவரும் போய்வாருங்கள். சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டுவதை அதுவரை தள்ளிப் போடுங்கள்.