ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வந்த சோதனை

"பெரிய பாவம் எதிலும் நான் இல்லை. ஆனாலும் ஜெபத்தில் முன்பிருந்த உயிர் இல்லை. தெரியாமலே உள்ளே நுழைகிற சோதனைகளை எப்படிக் கண்டுகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். பாய் விரித்து எட்டுப் பத்துப் பெண்கள் உட்காருவோம். பாட்டு, வசனம், அப்புறம் ஜெபக்குறிப்பு, அதாவது யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்வது. அந்த வாரம் புதன்கிழமை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி என் கொல்லைப்புறத்தில் முருங்கைக்கீரை பறிக்க வந்தவள், கீரையை உருவிக்கொண்டே அழுதாள். கட்டிக்கொடுத்த மகள் திரும்பி வந்துவிட்டாளாம். "ஜெபம் பண்ணிக்கோங்கக்கா, யாருக்கும் தெரியாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. என் முறை வந்தபோது, "பேர் வேண்டாம், நம்ம தெருவில் ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம், மகள் வாழ்க்கை..." என்று ஆரம்பித்தேன். "எந்த வீடு?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் என் வாய் சொல்லிவிட்டது. எல்லோரும் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த வாரம் தங்கச்சி என்னைப் பார்த்து, "ஜெபிச்சீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைக்காக நான் தனியாக ஒருநாள்கூட முழங்கால் போடவில்லை. எட்டுப் பேரிடம் சொன்னதை ஆண்டவரிடம் சொல்லவே இல்லை.

"சாத்தானும் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்வானே" என்று 2 கொரிந்தியர் 11-இல் பவுல் எழுதுகிறார். கள்ளப் போதகர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தை அது. எனக்கோ அந்த வேஷம் ஜெபக்கூட்டத்துப் பாயில்தான் தெரிந்தது. குடிக்கக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். ஜெபிக்கக் கூப்பிட்டதால்தான் போனேன். அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் பலவீனமாக உணரும் இடத்தை மட்டும் காவல் காக்காதீர்கள். 'இது நல்ல காரியம்தானே' என்று நினைத்துக் கேள்வியே கேட்காமல் போகிற இடத்தையும் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதை நான் கற்றுக்கொண்டது, இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியாரிடம். நான் கத்தோலிக்கப் பெண் இல்லை, ஆனாலும் இந்த விஷயத்தில் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். 1521-இல் ஸ்பெயின் பக்கத்துப் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்தவர் அவர். வீர சாகசங்களைக் கற்பனை செய்யும்போது இனிப்பாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் மனம் வறண்டுவிடும். கிறிஸ்துவின் வாழ்க்கையையும் பரிசுத்தவான்களையும் நினைத்தால் பிறகும் சந்தோஷம் தங்கும். இந்த வித்தியாசத்தை அவர் படுத்தபடியே கவனித்தார். பின்னாளில் 1548-இல் அச்சான தம்முடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற புத்தகத்தில், ஒரு நினைவின் ஆரம்பம், நடு, முடிவு மூன்றையும் பார்க்கச் சொல்கிறார். ஆரம்பம் நன்றாக இருந்தும் முடிவில் மனச்சமாதானம் குலைந்தால், சத்துருவைப் பாம்பின் வாலைக்கொண்டு கண்டுகொள்ளலாம் என்கிறார்.

என் வெள்ளிக்கிழமையை அப்படி வைத்துப் பார்த்தேன். ஆரம்பம், ஒரு தாயின் கண்ணீர். நடுவில், எல்லோரும் என்னைக் கவனிக்கிற ஆசை. முடிவில், ஒரு குடும்பத்தின் மானம் போனது. வால் நன்றாகவே தெரிந்தது.

இப்போது இரவு படுக்குமுன், அன்றைய பேச்சுகளில் ஒன்றை மட்டும் எடுத்து ஆண்டவர் முன் வைத்து இப்படிப் பார்க்கிறேன். பத்து நிமிடம் போதும். ஒருவருடைய ஜெபக்குறிப்பை மற்றவர்களிடம் சொல்லுமுன் மூன்று நாளாவது தனியாக ஜெபிக்கிறேன், சொல்லலாமா என்று அவர்களிடமே கேட்கிறேன். பெரும்பாலும் மூன்றாம் நாளில், வெளியே சொல்ல வேண்டும் என்ற துடிப்பே அடங்கிவிடுகிறது. "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்" என்கிற 141-ஆம் சங்கீத வசனத்தைக் கூட்டத்துக்குப் போகிற வழியில் சொல்லிக்கொண்டே போகிறேன். உபவாசம் என்ற நல்ல காரியத்தைச் செய்கிற நாளிலேயே வீட்டில் எரிந்து விழுவதும் இதே வகைதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். கொஞ்சநாள் நான் என்னையே தோண்டித் தோண்டிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசவே பயந்தேன். அது விழிப்பு அல்ல. கெத்செமனே தோட்டத்தில், தாம் பிடிக்கப்படுவதற்கு முன் இயேசு "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். ஜெபம் போய்விட்டால் கண் நம்மேலேயே நின்றுவிடுகிறது, அவரைப் பார்ப்பதில்லை.

தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிக்கா, விடுங்க" என்றாள். இப்போதும் கீரை பறிக்க வருகிறாள், மகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைத் தினமும் காலையில் ஆண்டவரிடம் சொல்கிறேன்.