அலைன்மென்ட் எப்போது தேவை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும்?

பதில்: வீல் அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து, தயாரிப்பாளர் தந்த வரம்புக்குள் கொண்டுவருவது. சுமார் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது சோதித்தால் போதும். காரின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சோதிப்பது வேறு, திருத்துவது வேறு. அளவுகள் வரம்புக்குள் இருந்தால் எதையும் தொடாமல் விடுவதுதான் முறையான வேலை. ஆனால் சக்கரம் பள்ளத்திலோ ஓரக்கல்லிலோ பலமாக மோதியிருந்தாலும், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனை), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை), ஸ்ட்ரட் (அதிர்வு தாங்கும் தூண்) ஆகியவற்றில் ஒன்றை மாற்றியிருந்தாலும், கிலோமீட்டர் கணக்கை ஒதுக்கிவிட்டு உடனே சோதித்துவிட வேண்டும்.

கேள்வி: 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை.

பதில்: நிற்காது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாததுதான் காரணம்; அதைச் சமன்செய்வது வீல் பேலன்சிங். அதைச் செய்தும் தொடர்ந்தால் ரிம் வளைந்திருக்கிறதா, டயர் உருக்குலைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கார் ஒரு பக்கம் இழுக்கிறது. என்ன செய்வது?

பதில்: எந்தப் பக்கம் இழுக்கிறது, எப்போதுமா அல்லது பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, டயர் எவ்வளவு ஓடியது என்று எதையும் எழுதாமல் அனுப்பினால் உறுதியான பதில் சொல்ல இயலாது. எழுதுவோர் தயவுசெய்து இவற்றைக் குறிப்பிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் கோளாறைப் பிரேக்கில் தேடுங்கள். எப்போதும் இழுத்தால் முதல் வேலை, டயர்கள் சூடேறுவதற்கு முன் காற்றழுத்தத்தைப் பார்ப்பது. அடுத்து, சாலையின் சரிவை மறந்துவிடாதீர்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சற்றே சரிவாக அமைக்கப்படுவதால், கோளாறே இல்லாத காரும் அந்தப் பக்கம் மெல்ல நகரும். அதற்கடுத்து, முன்னிரண்டு டயர்களையும் இடவலமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில் இருக்கிறது. சுழற்சித் திசை குறிக்கப்பட்ட டயர்கள் என்றால், அதே பக்கத்தின் முன் பின் டயர்களை மாற்றிப் பார்க்கலாம். இத்தனைக்குப் பிறகும் இழுப்பு தொடர்ந்தால், இரு பக்கக் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) அளவுகளுக்கோ காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) அளவுகளுக்கோ இடையில் வேறுபாடு இருக்கக்கூடும். அதை இயந்திரத்தில் அளந்துதான் கண்டறிய முடியும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் அலைன்மென்ட் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அளவுத்தாள் எதுவும் தரவில்லை. இப்போது 15,000 கிலோமீட்டரிலேயே முன் டயர்கள் இரண்டிலும் உள்விளிம்பு மழுங்கிவிட்டது. டயர் தரமற்றதா?

பதில்: டயரைக் குறைசொல்ல இதில் முகாந்திரம் இல்லை. அலைன்மென்ட் என்பது அளந்து செய்யும் வேலை. அளவைக் காட்டாதவர் அந்த வேலையைச் செய்ததற்கு ஆதாரமே இல்லை. திருத்தத்துக்கு முன்பிருந்த அளவு, பின்பு வைத்த அளவு, தயாரிப்பாளர் தந்த வரம்பு ஆகிய மூன்றும் உள்ள தாளை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்ப எழுதிவருகிறேன். தாள் கைக்கு வந்ததும், அதன் தலைப்பில் உங்கள் காரின் மாடல்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு மாடலைத் தேர்ந்தெடுத்து அளந்திருந்தால், வரம்புக்குள் இருப்பதாகத் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தாலும் அது வேறொரு காருக்கு உரிய பச்சை.

அதைவிட வருத்தம் தருவது, தளர்ந்த பாகங்களின் மேல் செய்யப்படும் அலைன்மென்ட். காரைத் தூக்கி, சக்கரத்தின் இரு பக்கங்களையும் பிடித்து அசைத்தால் டை ராட் எண்டின் தளர்வு தெரியும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மைச் சக்கரப் பகுதியுடன் இணைக்கும் உருண்டை மூட்டு), வீல் பேரிங் (சக்கரத்தைச் சுழலவிடும் தாங்கி) ஆகியவற்றின் ஆட்டம் கைக்குத் தெரியும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் வைக்கும் அளவு இயந்திரத்தின் மேல் நிற்கும்வரைதான் நிற்கும்; கார் சாலையில் இறங்கி ஒரு வேகத்தடையைத் தாண்டியதுமே மாறிவிடும். காற்றழுத்தம், அசைவுச் சோதனை, அதன்பின் அளவு: இந்த வரிசையை யாருக்காகவும் மாற்ற விடாதீர்கள்.

இனி உங்கள் டயர். உள்விளிம்பு தேய்வதற்கு, முன்சக்கரங்கள் வெளிநோக்கி விரிந்த டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) காரணமாக இருக்கலாம், அல்லது சக்கரத்தின் தலை உள்ளே அதிகம் சாய்ந்த கேம்பர் காரணமாக இருக்கலாம். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒருமுறை உள்ளிருந்து வெளியேயும், ஒருமுறை வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் அரம் போலவும் உறுத்தினால் டோ பிசகியிருக்கிறது. இரு திசையிலும் வழவழப்பாகவே இருந்து ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர்மேல் சந்தேகம் கொள்ளலாம். டோவைச் சிறிய அளவுதானே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சக்கரம் செல்லும் திசையிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. கேம்பர்தான் காரணம் என்றால், பல கார்களில் முன்பக்கம் டோவை மட்டுமே திருத்த முடியும் என்பதால், வளைந்த ஸ்ட்ரட்டையோ லோயர் ஆர்மையோ கண்டுபிடித்து மாற்றாமல் தீர்வு இல்லை.

கேள்வி: அலைன்மென்ட் முடிந்தபின் கார் நேராகப் போகிறது, ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்திப் பூட்டாமல் டோவைத் திருத்தியிருப்பார்கள். மீண்டும் நடுவில் பூட்டி, இரு பக்க டை ராட்களையும் சரிசெய்வதே முறை. ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக்கும் அதற்கான மின்னிணைப்பும் இருக்கின்றன. கோணலை மறைப்பதற்காக அதைக் கழற்றுவது ஆபத்தான குறுக்குவழி.

கேள்வி: என் காரின் பின்சக்கரங்களில் திருத்தும் வசதியே இல்லை. நான்கு சக்கரங்களையும் ஏன் அளக்க வேண்டும்?

பதில்: நேராக ஓட்டும்போது கார் எந்தத் திசையில் செல்வது என்பதைப் பின்சக்கரங்கள்தாம் முடிவு செய்கின்றன. பின் ஆக்சில் (பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சற்றுத் திரும்பியிருந்தால், முன்சக்கரங்களை எவ்வளவு நுட்பமாக அமைத்தாலும் ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்தே ஓட்ட நேரிடும். திருத்த முடியாவிட்டாலும், ஆக்சிலோ அதைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷோ கெட்டிருப்பதை அந்த அளவு காட்டிக்கொடுக்கும். முந்தைய கேள்விக்காரரும் தம் தாளில் பின்சக்கர அளவைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: புதிய டயர் மாட்டினால் அலைன்மென்ட் கட்டாயமா?

பதில்: கட்டாயம் அளக்க வேண்டும். பழைய டயரைத் தின்ற அதே கோணம் புதியதையும் தின்னும்.

கேள்வி: அலைன்மென்டுக்குப் பிறகு வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு எரிகிறது.

பதில்: ஸ்டீயரிங் கோணத்தை உணரும் சென்சாருக்குப் புதிய நடுநிலையைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம். பல கார்களில் ஸ்கேன் கருவியைக் கொண்டுதான் அதைச் செய்ய முடியும். வேலை செய்த இடத்திலேயே கேட்டுப் பெறுங்கள். சாலையின் தடக்கோடுகளைக் கண்காணிக்கும் கேமரா உள்ள கார் என்றால் அதற்கும் அளவமைப்பு தேவையா என்பதைக் கையேட்டில் பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வழுக்கல் கட்டுப்பாடு உதவிக்கு வராமல் போகலாம் என்பதால், மழையில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.