முதல் ஸ்டாலுக்கு எவ்வளவு செய்வது? ஓவனைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி: சென்னையில் எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்தில் நடக்கும் டிசம்பர் சந்தையில் முதல் முறையாக ஒரு மேஜை எடுத்திருக்கிறேன். வாடகை 1,500 ரூபாய். நெய் பிஸ்கட், பிளம் கேக், டெரகோட்டா தோடு வைக்கலாம் என்று எண்ணம். எவ்வளவு செய்வது, எப்போது தொடங்குவது?

பதில்: எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துக் கணக்குப் போடாதீர்கள். அது யாருக்கும் தெரியாது. உங்கள் ஓவனில் ஒரு ஈட்டுக்கு எவ்வளவு வேகும் என்பது தெரியும், அங்கிருந்து தொடங்குங்கள்.

நெய் பிஸ்கட்டுக்கு மைதா 250 கிராம், பொடித்த சர்க்கரை 125, உறைந்த நெய் 125, கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஏலக்காய். மொத்தம் 500 கிராம் மாவு. 20 கிராம் உருண்டையாக எடுத்தால் 25 வரும். வெந்ததும் ஒன்று சுமார் 18 கிராம்தான் நிற்கும். 200 கிராம் பாக்கெட்டில் 11 போட்டால் 198. லேபிளில் 200 என்று அச்சடித்துவிட்டு 198 கொடுக்கக் கூடாது, ஆகவே 12 போடுங்கள். 20 பாக்கெட்டுக்கு 240 பிஸ்கட். பத்து மடங்கு மாவு பிசைந்தால் 250 வரும். மிஞ்சும் பத்தை நான்காக உடைத்தால் ருசி பார்க்கக் கொடுக்க 40 துண்டு கிடைத்துவிடும்.

28 லிட்டர் ஓடிஜி (வீட்டு மின்சார ஓவன்) ட்ரேயில் இடைவெளி விட்டு அடுக்கினால் 16தான் பிடிக்கும். 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம், ட்ரே மாற்ற 5 நிமிடம். ஆக 16 ஈடு, ஏறக்குறைய 6 மணி 40 நிமிடம். "சும்மா 50 பாக்கெட் போட்டுவிடலாம்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நேரம் மிச்சப்படுத்த இரண்டு ட்ரேயை மேலும் கீழுமாக வைத்தால் ஒன்று கருகும், இன்னொன்று வெளுத்திருக்கும்.

இன்னொரு சிக்கல், காத்திருக்கும் மாவு. ஐந்தாவது ஈட்டுக்குள் நெய் இளகிவிடும். அதன்பின் பிஸ்கட் அப்பளமாகப் பரவும். உருண்டைகளை ஃபிரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு ஈட்டுக்கும் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள். நெய்யை உருக்கிச் சேர்ப்பவர்களுக்கு முதல் ஈடே பரவிவிடும்.

வெந்த பிஸ்கட் முழுக்க ஆற இரண்டு மணி நேரமாவது வேண்டும். லேசான சூடு இருந்தாலும் பாக்கெட்டுக்குள் வியர்த்து மறுநாள் நமத்துவிடும். மழைக்காலத்தில் ஆறியதை அப்படியே வெளியே விட்டுவைத்தாலும் நமக்கும். ஆறியவுடன் இறுக்கமான டப்பா, பிறகு பாக்கெட்.

பிளம் கேக்கில் இந்த அவசரம் இல்லை. சந்தைக்கு மூன்று நாள் முன்பே செய்யலாம். பழத்தின் ஈரம் உள்ளே பரவி ருசி கூடும். உலர்பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வடித்து, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிச் சேர்க்காவிட்டால் பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேகும்போது பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறையும் என்பதால் 250 கிராம் கேக்குக்கு 285 கிராம் மாவு ஊற்றுங்கள். ஒரு ஈட்டில் நான்கு சிறு டின் வைத்தால், 16 கேக்குக்கு நான்கு ஈடு. கிரீம் கேக் பக்கம் போகவே வேண்டாம். திறந்த மேஜையில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

இனி பணக்கணக்கு. நெய், மாவு, பை, லேபிள், மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் அடக்கம் 67 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150க்கு விற்றால் 83 நிற்கும். வாடகையை எடுக்கவே 18 பாக்கெட்டுக்கு மேல் போக வேண்டும், அதுவும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல். அதனால்தான் பக்கத்தில் தோடு இருக்க வேண்டும் என்கிறேன். 35 ரூபாய்ச் செலவில் செய்த ஜோடி 150க்குப் போகும், மீந்தால் அடுத்த சந்தைக்கும் உதவும். 30 ஜோடி போதும்.

தோட்டு வேலையை மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். ஒரு ஜோடியின் இரண்டையும் ஒரே நாளில், ஒரே எடை மண்ணில் செய்யாவிட்டால் அளவு மாறிப்போகும். கொக்கி மாட்டும் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே குத்துங்கள். நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் விரிசல் விடும். உள்ளே ஈரம் இருக்கச் சுட்டால் நீராவி அழுத்தத்தில் வெடிக்கும். வார்னிஷ் அடித்து இரண்டு நாளாவது காயவிடாமல் கவரில் போட்டால் கவரோடு ஒட்டிக்கொள்ளும்.

உணவு விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 14 இலக்க எண் கிடைக்கும். லேபிளில் அந்த எண், உங்கள் முகவரி, அளவில் அதிகமானதிலிருந்து வரிசையாகச் சேர்மானங்கள், நிகர எடை, விலை, செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிடலாம் என்பது இருக்கட்டும். பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: முட்டை சேர்த்த கேக்குக்குப் பச்சைப் புள்ளி போடக் கூடாது, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம்தான். பிளாஸ்டிக் கேரி பேக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. காகிதப் பை எடுத்துப் போங்கள்.

வாசனை மெழுகுவர்த்தியும் வைக்கலாமா என்று தோன்றும். பிஸ்கட் பக்கத்தில் மட்டும் வேண்டாம், நெய் அந்த வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும். தோடுகளை அட்டையில் குத்திக் கண் உயரத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடி வையுங்கள். காதோரம் வைத்துப் பார்த்தவர்தான் வாங்குவார். ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதியிருக்கட்டும். கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுவார்கள். யூபிஐ க்யூஆர் அட்டையோடு, 50 ரூபாய்த் தாளாக ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறையும் வேண்டும், கூட்டம் சேர்ந்தால் நெட்வொர்க் படுத்துவிடும்.

அப்புறம் எறும்பு. மேஜையின் நான்கு காலுக்கும் நான்கு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். மேஜைவிரிப்பு தரையைத் தொட்டால் எறும்பு அதில் ஏறி வந்துவிடும், நான்கு விரல் மேலேயே நிற்கட்டும்.